மழை நாட்டில் மாதுளை

இரத்தினபுரிக்குச் செல்லும் யாழ்ப்பாணத்தவர், வீட்டு முற்றங்களில் மாதுளையைக் கண்டு வியப்பர். சிங்களத்தில் அதன் பெயர் ‘தெளும்’. பாரசீகத்து வறண்ட நிலத்துக்குரிய இம்மரம், ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழியும் இவ்வூரில் தளிர்ப்பதற்குக் குறைவில்லை, செம்பூவும் சொரியும். காயோ அரிது! ஈரத்தினாற் பூ உதிரும். எஞ்சிய பிஞ்சிலே பூஞ்சணம் கரும்புள்ளியிடும். முதிர்ந்த கனியைப் பெருமழை பிளந்துவிடும்.

இதற்காக மரத்தையே வெட்டுவது அவசர புத்தி. மண்ணை மேடாக்கி, வெயில் படும் இடத்தில் நடல் வேண்டும். அடியிற் கிளைக்கும் கன்றுகளைக் களைந்தால், காற்றுப் புகுந்து இலையீரத்தை உலர்த்தும். பிஞ்சுகளுக்குக் காகிதப் பை கட்டலாம். தை, மாசியில் மழை சற்றுத் தணியும். அப்பொழுது முதிரும் காய்களே பெரும்பாலும் கைக்கு எட்டுவன.