இரும்புக் கம்பியும் ஒன்பதாவது கேள்வியும்

போன வாரம் பீரோவைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய சிவப்பு ஹெல்மெட் கீழே விழுந்தது. பேரன் எடுத்துப் பார்த்துவிட்டு, "தாத்தா, நீங்க ஸ்கூட்டரே ஓட்டினதில்லையே, இது எதுக்கு?" என்று கேட்டான். மலைக்கு என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டான். அவன் நம்பாவிட்டால் போகிறான், உங்களிடமாவது சொல்லி வைக்கிறேன்.

2018 செப்டம்பர் முதல் வாரம். எனக்கு 67 வயது. புதுச்சேரியில் அரசு அலுவலகத்தில் அப்பர் டிவிஷன் கிளார்க்காக ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகியிருந்தது. என் உயர அனுபவம் வருடத்துக்கு ஒருமுறை செஞ்சிக் கோட்டை ஏறுவதோடு சரி. பிரான்சில் கிரனோபிளில் இருக்கும் என் அக்கா மகன் அழைத்தான். "மாமா, ஒரு தடவை வாங்க. இத்தாலி மலையில நாலு நாள். வழிகாட்டி வருவார். என் பொண்ணும் வர்றா." அவனுக்கு 57, அவன் மகளுக்கு 19. அவன் மனைவி பிரெஞ்சுக்காரி. நான்கு பேரும் ஒரு வழிகாட்டியும் என்று ஏற்பாடு.

'வியா ஃபெராட்டா' என்றால் இத்தாலிய மொழியில் இரும்புப் பாதை. செங்குத்தான பாறையில் இரும்பு முளைகளை அடித்து, அவற்றின் வழியே கம்பிவடம் கட்டியிருப்பார்கள். கால் வைக்க இடமில்லாத இடத்தில் ஏணியும் இரும்புப் படியும் இருக்கும். நம் இடுப்பு வாரிலிருந்து இரண்டு குட்டைக் கயிறுகள், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு கொக்கி. இரண்டையும் கம்பியில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். முளை வந்ததும் முதல் கொக்கியைக் கழற்றி அந்தப் பக்கம் மாட்டி, பிறகுதான் இரண்டாவதைக் கழற்ற வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் வெளியே இருக்கவே கூடாது. இரண்டு முளைகளுக்கு நடுவே ஒருவர்தான் நிற்கலாம். ஒருவர் விழுந்தால் கீழே இருப்பவரையும் அடித்துக்கொண்டு போவார் அல்லவா, அதற்காக.

புறப்படும் முன் மருமகன் ஒரு படிவம் அனுப்பியிருந்தான், பிரெஞ்சில். பெயர், வயது, எடை, முன் அனுபவம் என்று போய், ஒன்பதாவது கேள்வி: மருந்து ஏதும் உட்கொள்கிறீர்களா? நான் எட்டு வருடமாக இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சட்டென்று எழுந்தால் சில நாள் தலை சுற்றும். இதை எழுதினால் கூட்டிப் போக மாட்டார்கள் என்று நினைத்தேன். பள்ளியில் கற்ற அழகான கையெழுத்தில் 'நெயான்' என்று எழுதினேன். 'இல்லை' என்பதற்கு பிரெஞ்சு அலுவலகச் சொல் அது. முப்பத்தாறு வருடம் ஊரார் படிவங்களைச் சரிபார்த்து, பொய்யான ஒரு வரிக்காக எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவன் எழுதியது இது.

நாங்கள் போனது பிரெந்தா மலைத்தொடர். வட இத்தாலியில், திரெந்தினோ பகுதியில் இருக்கிறது. டோலமைட் மலைகளை 2009-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது இதுவும் அதில் ஒன்று. டோலமைட் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று மருமகன் சொன்னபோது எனக்கு ஆச்சரியம். தேயோதா தெ தொலொமியே என்ற பிரெஞ்சு நிலவியலாளர் பெயரிலிருந்து வந்ததாம். பார்ப்பதற்குச் சுண்ணாம்புக்கல் போலவே இருந்தும் அமிலம் பட்டால் அதுபோலப் பொங்காத ஒரு கல்லைப் பற்றி 1791-ல் எழுதியவர். பிறந்த ஊர் கிரனோபிள் பக்கம்தான். பிரெஞ்சுப் பள்ளியில் பிரான்சின் ஆறுகளை எல்லாம் தலைகீழாக ஒப்பித்தவன் நான். இவர் பெயரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மதோன்னா தி கம்பீலியோ என்ற ஊரிலிருந்து கம்பிவண்டியில் கிராஸ்தே கணவாய்க்கு ஏறி, அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் வெள்ளைப் பாறைகளின் மேல் நடந்து 2272 மீட்டரில் இருக்கும் டக்கெட் குடிலை அடைந்தோம். குடில் என்றதும் ஓலைக் குடிசை என்று எண்ண வேண்டாம். நல்ல கல் கட்டடம். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றி அடுக்கிவிட்டு அவர்கள் கொடுக்கும் செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும், நம் வீட்டு வழக்கம் போல. ஒரே அறையில் எட்டுப் பேர், அடுக்குக் கட்டில். ஏழு மணிக்குச் சாப்பாடு. பயறு போட்ட சூப், சோள மாவுக் களி. 'பொலெந்தா' என்கிறார்கள். நம் குசினியில் கிண்டும் கேழ்வரகுக் களிக்குத் தங்கச்சி முறை என்று வையுங்கள். பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். அதன் பிறகு பல தேசத்துக் குறட்டைகள்.

அங்கே அருகருகே இரண்டு கட்டடங்கள் இருப்பதைப் பார்த்து ஏன் என்று கேட்டேன். வழிகாட்டிக்கு ஐம்பது வயது இருக்கும். பிரான்சில் சில காலம் வேலை பார்த்ததால் நன்றாக பிரெஞ்சு பேசினார். திரெந்தினோ முதல் உலகப் போர் முடியும் வரை ஆஸ்திரியாவின் ஆட்சியில் இருந்தது. இத்தாலிய மொழி பேசும் உள்ளூர் மலைச் சங்கம் ஒரு வீடு கட்ட, பெர்லின் சங்கம் பக்கத்திலேயே இன்னொன்று கட்டியது. போருக்குப் பின் இரண்டும் உள்ளூர்ச் சங்கத்துக்கு வந்தன. "என் தாத்தா ஆஸ்திரியக் குடிமகனாகப் பிறந்தார், என் அப்பா இத்தாலியர். வீடு ஒன்றுதான்" என்றார். எங்கள் ஊரும் அப்படித்தான் முசியே என்றேன். 1954 நவம்பர் 1-ல் கொடி மாறியபோது எனக்கு மூன்று வயது. மருமகன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் சோசாத் பாதை. பெரும்பகுதி நடைதான், நடுவில் ஒரு பிளவு. கம்பியைப் பிடித்துக்கொண்டு அதற்குள் இறங்கி, எதிர்ப்புறச் சுவரில் நீளமான இரும்பு ஏணியில் ஏற வேண்டும். வழிகாட்டி முன்னால் ஏறிவிட்டார். அடுத்து நான். எனக்குப் பின்னால் பேத்தி, கீழே காத்து நின்றாள்.

பாதி ஏணியில் ஒரு முளை. நிமிர்ந்து பார்த்தேன், வானம் ஒரு சுற்றுச் சுற்றியது. கைகள் ஏணியைப் பிடித்திருந்தன, ஆனால் அவை என் கைகளாகத் தெரியவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ, கீழிருந்து பேத்தியின் குரல் கேட்டது. "தாத்தா! லே தெ! லே தெ!"

லே தெ என்றால் இரண்டும். குனிந்து பார்த்தேன். இரண்டு கொக்கிகளும் என் மார்புக்கு முன்னால் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. எப்போது கழற்றினேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. ஒன்றை மாட்டினேன். பிறகு மற்றதை மாட்டினேன். கண்ணை மூடி இருபது எண்ணினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது வழிகாட்டி, "சிரமமா?" என்றார். "மூச்சு வாங்கியது, அவ்வளவுதான்" என்றேன். இரண்டாவது பொய்.

நான் விழுந்திருந்தால் அவள்மேல்தான் விழுந்திருப்பேன். 19 வயதுப் பெண். அன்று மாலை 2580 மீட்டரில் இருக்கும் அலிமொந்தா குடிலில் எதிரே பாறைகள் எல்லாம் வெயில் சாயச் சாய ரோஜா நிறமாக மாறின. எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். எனக்கு எதுவும் மனதில் ஒட்டவில்லை. பூட்ஸ் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். பேத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குத் தமிழில் தாத்தா, சோறு, போதும் என்ற மூன்று சொற்கள்தான் தெரியும். பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னாள்: "நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்கள். ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால்."

சொன்னேன், மாத்திரை அட்டையையும் மேசையில் வைத்து. மருமகன் முகம் வெளுத்துப் போனது. வழிகாட்டி கோபப்படவில்லை. அட்டையை எடுத்துப் படித்தார். எப்போது சாப்பிடுகிறீர்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "முசியே, உங்கள் படிவத்தை நான் வரி வரியாகப் படித்தேன். அதை வைத்துத்தான் பாதையைத் தேர்ந்தெடுத்தேன். தெரிந்திருந்தால் அந்த ஏணியில் உங்களை என் கயிற்றில் கட்டியிருப்பேன்." கூட்டிப் போக மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை பாருங்கள். கயிற்றில் கட்டியிருப்பேன் என்றார். அதுதான் எனக்கு அதிகமாக உறைத்தது.

அடுத்த நாள் போக இருந்தது 'பொக்கெத்தே சென்ட்ராலி'. பொக்கா என்றால் வாய், பிரெஞ்சின் பூஷ் போல. பொக்கெத்தா, சிறிய வாய், அதாவது சிகரங்களுக்கு இடையில் உள்ள சின்னக் கணவாய். 1930-களில் வேலை தொடங்கிய இந்தப் பாதையின் விசேஷம், அது எந்தச் சிகரத்துக்கும் ஏறாது. சுவரில் இயற்கையாக ஓடும் விளிம்புகளைப் பிடித்துக்கொண்டு ஒரு வாயிலிருந்து மறு வாய்க்குப் போகும். உச்சியை அடைய இரும்பை உபயோகிக்கக் கூடாது என்று கட்டியவர்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. அந்தப் பாதைதான் மருமகனின் இரண்டு வருடக் கனவு.

"நீங்கள் வர முடியாது. நடைபாதையில் இறங்கிப் பிரெந்தேய் குடில் வழியாகப் பொக்கா தி பிரெந்தாவுக்கு ஏறுங்கள். நாங்கள் சுவர் வழியாக அங்கே வருகிறோம். ஆனால் தனியாகப் போகக் கூடாது" என்றார் வழிகாட்டி. "நான் மாமாவோட போறேன்" என்றான் மருமகன். நான் தடுத்தேன். அவன் பேச்சை முடித்துவிட்டு சூப்பைச் சாப்பிட ஆரம்பித்தான். என் ஒரு சொல்லின் விலையை அவன் கட்டினான்.

காலையில் இருவரும் இறங்கினோம். ஒரு மணி நேரம் பேச்சே இல்லை. பிரெந்தேய் குடிலில் காபி குடித்தோம். பொக்கெத்தே பாதையை அமைத்தவர்களில் ஒருவரான புரூனோ தெதாஸ்ஸிஸ் பல்லாண்டுகள் நடத்திய குடில் அது. 97 வயது வரை வாழ்ந்த மலை வழிகாட்டி. அங்கே உட்கார்ந்திருந்தபோது மருமகன் உடைந்த தமிழில் கேட்டான்: "மாமா, தாத்தா ஏன் ஒப்சியோன் கொடுக்கல? வேணாம்னு விட்டாரா, இல்ல நாள் தவறிடுச்சா?"

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். 1962 ஆகஸ்ட் 16-ல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, புதுச்சேரியில் பிறந்து அங்கேயே வசித்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்கள் இந்தியர். அக்காவின் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தா. எழுதிக் கொடுத்தார். அக்கா கைக்குழந்தையான இவனைத் தூக்கிக்கொண்டு கப்பலேறினாள். அப்பா கொடுக்கவில்லை. 'அப்பாவுக்கு எங்களோடு வர மனசில்லை' என்று அக்கா சாகும்வரை குறைப்பட்டாள்.

யாரிடமும் சொல்லாததை அன்று அவனிடம் சொன்னேன். அப்பா இறந்தபின் அவருடைய டிரங்குப் பெட்டியில் அந்த விண்ணப்பத்தைப் பார்த்தேன். எல்லாம் நிரப்பியிருந்தது. அம்மா பெயர், என் பெயர், தேதி எல்லாம். கையெழுத்து மட்டும் இல்லை. அக்காவிடம் காட்டினால் இன்னும் அழுவாள் என்று மறைத்துவிட்டேன். வர நினைத்திருக்கிறார், கடைசியில் முடியவில்லை. ஏன் என்று எனக்கும் தெரியாது. அதை அவள் தெரிந்துகொள்ளாமலே போய்விட்டாள், என்னால்.

அவன் வெகு நேரம் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "மாமா, நீங்க ஃபாரம்லயே தப்பு பண்றீங்க" என்றான். சிரித்தானா அழுதானா என்று சொல்ல முடியவில்லை. என் பையையும் அவனே தோளில் போட்டுக்கொண்டான்.

2552 மீட்டரில் பொக்கா தி பிரெந்தா. சரளைக்கல்லில் மெல்ல ஏறி உட்கார்ந்தோம். பக்கத்தில் 'கம்பனீலே பாஸ்ஸோ' என்ற ஒற்றைக் கல் கோபுரம், மணிக்கூண்டு போல நிமிர்ந்து நின்றது. 1899-ல்தான் இருவர் முதன்முதலாக அதன் தலையில் ஏறினார்களாம். அரைமணி கழித்து, சுவரின் விளிம்பில் மூன்று ஹெல்மெட்டுகள் தெரிந்தன. கடைசியில் பேத்தி. ஒவ்வொரு முளையிலும் நின்று, ஒரு கொக்கி, பிறகு மறு கொக்கி. நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பி முடிந்து தரைக்கு வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஊருக்கு வந்ததும் அப்பாவின் விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் மருமகனுக்கு அனுப்பினேன். அக்காவின் போட்டோவுக்குக் கீழே மாட்டியிருக்கிறான். பதிலுக்கு அவன் அனுப்பியதுதான் இந்த ஹெல்மெட். மறு வருடம் அவனும் மகளும் போய் அந்தப் பாதையை முடித்துவிட்டார்கள்.

இப்போதெல்லாம் கண் ஆஸ்பத்திரிக்குப் போனால்கூட, மருந்து உண்டா என்ற கேள்விக்கு நெஞ்செரிச்சல் மாத்திரை வரை எழுதிக் கொடுக்கிறேன். இடம் போதாமல் பின்பக்கமும் எழுதுகிறேன். "இவ்வளவு வேணாம் பெரியவரே" என்கிறாள் அந்தப் பெண். இருக்கட்டும் அம்மா, படிச்சு வை என்கிறேன்.