நாலாயிரம் ரூபாய் சாப்பாடும் எங்க அப்பாவும்

முதல்லயே சொல்லிடறேன். நான் பார்சிலோனா போனதில்லை. பாஸ்போர்ட்டே கிடையாது. வாலாஜாபேட்டையை விட்டு நான் போன பெரிய ஊர் சென்னைதான். ஆனாலும் போன வருஷம் ஒரு மாசம் முழுக்க பார்சிலோனா ஓட்டல்களைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் காஸ்ட் அக்கவுண்டிங் செமினார் புண்ணியம்.

ஆளுக்கு ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு அதில் விலை எப்படி வைக்கிறார்கள் என்று பேசவேண்டும். எங்க பக்கத்துப் பசங்களாச்சே, பாதிப் பேர் ஷூ கம்பெனி, மீதிப் பேர் டேனரி என்று பிரித்துக்கொண்டார்கள். ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தைக்கிற ஷூ ஐரோப்பாவில் என்ன விலைக்குப் போகிறது என்பது எங்களுக்கெல்லாம் சின்ன வயசிலிருந்தே கேட்டுப் பழகிய கதை. நான் வேறு ஏதாவது செய்யலாமே என்று சாப்பாட்டை எடுத்தேன். வீட்டில் அதுதானே தொழில்.

அப்பா சமையல் மாஸ்டர். ஓட்டல் இல்லை. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீர், கட்சிக் கூட்டம், எது வந்தாலும் போவார். ஆம்பூரில் ஒரு பாய் மாஸ்டரிடம் ஒன்பது வருஷம் எடுபிடியாக இருந்து கற்றுக்கொண்ட பிரியாணி. சீரக சம்பா அரிசி, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், தயிர், தனியாக வடித்த சாதம், மூடி மேல் தணல். கூட கத்தரிக்காய் தொக்கு, வெங்காயப் பச்சடி. இதைத் தவிர உலகத்தில் வேறு பிரியாணி உண்டு என்பதை அவர் ஒத்துக்கொள்ளவே மாட்டார்.

சரி, பார்சிலோனாவுக்கு வருவோம். அங்கே டிஸ்ஃப்ரூட்டார் என்று ஒரு உணவகம். 2014-ல் மூன்று சமையல்காரர்கள் சேர்ந்து ஆரம்பித்தது. 2024-ல் உலகின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் முதல் இடம். ஒருத்தர் சாப்பிட 300 யூரோவை ஒட்டி ஆகும். நம்ம காசில் முப்பதாயிரம் பக்கம் வருது. குடிக்கிறதுக்கு தனி பில்லுங்க!

அந்த மூன்று பேரும் வேலை கற்றுக்கொண்டது எல் புல்லி என்ற இடத்தில். பார்சிலோனாவுக்கு வடக்கே ரோசஸ் என்ற கடலோர ஊரில் இருந்தது. வருஷத்தில் பாதி நாள்தான் திறப்பார்கள். மீதி நாளில் பார்சிலோனாவில் பட்டறை போட்டு புதுப் பதார்த்தம் கண்டுபிடிப்பார்கள். ஒரு சீசனுக்கு 8000 பேர்தான் சாப்பிட முடியும். இடம் கேட்டு வந்த விண்ணப்பம் சுமார் 20 லட்சம் என்று சொல்வார்கள். இவ்வளவு கூட்டம் இருந்தும் உணவகக் கணக்கில் நஷ்டம்! புத்தகம், சொற்பொழிவு, கம்பெனிகளுக்கு ஆலோசனை என்று வெளியே சம்பாதித்துத்தான் ஓட்டினார்கள். 2011 ஜூலையில் மூடிவிட்டார்கள். இன்னொரு விஷயம், அந்த சமையலறையில் பெரும்பகுதி வேலை செய்தது சம்பளமில்லாமல் கற்றுக்கொள்ள வந்த இளைஞர்கள். 2017-ல் ஸ்பெயினில் இதைப் பற்றிப் பெரிய சர்ச்சையே நடந்தது. இதைப் படித்ததும் எனக்கு அப்பாவின் ஒன்பது வருஷ எடுபிடி ஞாபகம் வந்தது.

நட்சத்திரம் கொடுக்கிற மிஷலின் கதை இன்னும் வேடிக்கை. அது டயர் கம்பெனி. கார்க்காரர்கள் நிறைய ஊர் சுற்றினால் டயர் தேயும் என்று 1900-ல் ஒரு கையேடு போட்டார்கள். 1926-ல் நட்சத்திரம் சேர்ந்தது. அதே கம்பெனிக்கு நம்ம திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய்கண்டிகையில் தொழிற்சாலை இருக்கிறது. டயர் இங்கே செய்கிறார்கள். ஆனால் நம்ம நாட்டு உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்க, இதை எழுதுகிற வரைக்கும், வரவில்லை.

அதற்காக நம்ம சாப்பாட்டுக்கு நட்சத்திரம் இல்லை என்று இல்லை. நியூயார்க்கில் 2021-ல் திறந்த செம்மா என்ற உணவகத்துக்கு 2022-ல் மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. அங்கே செஃப் நத்தம் பக்கத்துக்காரரான விஜய்குமார். இன்ஜினியரிங் படிக்க வசதியில்லாமல் கேட்டரிங் படித்தவர். சின்ன வயசில் வயலில் பொறுக்கிச் சாப்பிட்ட நத்தையை நியூயார்க்கில் பிரட்டலாகப் போடுகிறார். 2025-ல் அமெரிக்காவின் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருதை வேட்டி கட்டிக்கொண்டு போய் வாங்கினார். அந்தப் படத்தை அப்பாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு "சமையல்காரனா இவுரு?" என்று மட்டும் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை. ஆடிட்டர் ஆபீசில் டேலி என்ட்ரி போட்டு நாலு மாசம் சேர்த்த காசு இருந்தது. சென்னையில் இதே மாதிரி இடங்கள் உண்டு. 1989-லேயே தக்ஷின் வந்தாச்சு, 2017-ல் அவர்தனா வந்தது. நான் அப்பாவைக் கூட்டிப்போன இடத்தின் பேர் வேண்டாம், விளம்பரம் மாதிரி ஆகிவிடும். முன்னாடியே சொன்னால் வரமாட்டார். கண் டாக்டர் என்று பொய் சொல்லி ரயில் ஏற்றினேன். (1856 ஜூலை 1-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வந்து நின்றது எங்க வாலாஜா ரோட்டில்தான். ஊர்ப்பெருமை, கண்டுக்காதீங்க.)

உண்மையைச் சொல்றேன். அப்பா அங்கே போய் ஏதாவது காமெடி செய்வார், வெளியே வந்து பரோட்டா கேட்பார், அதை வைத்து நண்பர்களிடம் சிரிக்கலாம் என்றுதான் மனசுக்குள் இருந்தது. இப்போ நினைத்தால் வெட்கமாக இருக்கு.

அப்பா சிரிக்கவும் இல்லை, மிரளவும் இல்லை. முதலில் கண்ணாடிக் கோப்பையில் ரசம் வந்தது. வாயில் வைத்து கண்ணை மூடினார். "தாளிக்கல நைனா. கறிவேப்பிலையை ஊற வச்சி வடிச்சிருக்கான். கெட்டிக்காரன்." மொத்தம் பதினோரு தட்டு. ஒவ்வொன்றையும் முகர்ந்து, கொஞ்சமாக எடுத்து, மெதுவாகச் சாப்பிட்டார். நடுவில் என்னிடம், "எட்டு டேபிளு. எல்லாத்துக்கும் ஒரே சூட்டுல வருது பாத்தியா? உள்ள எத்தினி பேரு ஓடிக்கினு இருப்பான்? பாத்திரம் கழுவறவனுக்கு இன்னா சம்பளம் தருவாங்க?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. முப்பது ஸ்லைடு செமினாரில் அந்தக் கேள்வி இல்லவே இல்லை.

கடைசியில் செஃப் வெளியே வந்தார். என்னைவிட ஐந்தாறு வயசுதான் மூத்தவர். ஒவ்வொரு டேபிளாக வந்து எப்படி இருந்தது என்று கேட்டார். எங்களிடம் வந்ததும் அப்பா சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். "உக்காருங்க சார்" என்று அவர் பதறினார். நான், "எங்க அப்பாவும் சமையல் மாஸ்டர்" என்றேன். செஃப் அப்பாவின் கையைப் பிடித்தார். அந்தக் கையில் முழங்கை வரைக்கும் தணல் பட்ட தழும்பு. அவர் தன் சட்டைக் கையை மடித்து அவருடையதைக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். எனக்கு அதில் இடமே இல்லை.

இருபத்தைந்து வருஷமாக அப்பா சமைக்கிறார். எந்தக் கல்யாணத்திலும் சமையல்காரரை பந்திக்குக் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. உப்பு கம்மி என்றால்தான் கூப்பிடுவார்கள்.

வரியோடு பில் 9,440 ரூபாய். ரயிலில் அதைப் பிடுங்கிப் பார்த்து நல்லா திட்டினார். அப்புறம் நான் என் நோட்டை எடுத்தேன். அப்பாவுக்கு அரிசி கிலோ கணக்கில் கூலி, கிலோவுக்கு 100 ரூபாய். 60 கிலோ கல்யாணம் என்றால் 6000. நாலு ஆளுக்கு 3200, வண்டிக்கு 500. மிச்சம் 2300. அதுவும் இரண்டு நாள் வேலைக்கு, ராத்திரி தூக்கம் இல்லாமல். அன்றைக்கு நாங்கள் சாப்பிட்டது அப்பாவின் நாலு கல்யாணத்துக்கும் மேலே. அதைச் சொன்னதும் அவர் ஒன்றும் பேசவில்லை. அரக்கோணம் தாண்டியதும், "எவ்ளோ கேக்கலாம்னு சொல்றே?" என்றார். 150 என்று எழுதிக்காட்டினேன்.

அடுத்து வந்த பார்ட்டியிடம் 150 சொன்னார். அவர்கள் வேறு மாஸ்டரைப் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் அம்மா என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. எல் புல்லி நஷ்டத்தில் ஓடலாம், அவருக்கு விற்கப் புத்தகம் இருந்தது. எங்க வீட்டில் அரிசி வாங்கவேண்டும். நோட்டில் போடுகிற கணக்குக்கும் இதற்கும் உள்ள தூரம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் அப்பா 100-க்கு இறங்கவில்லை. அதற்கடுத்த பார்ட்டி 130-க்கு ஒத்துக்கொண்டது.

அது வர்ற மாசம், ஆற்காட்டில், 80 கிலோ. நான் எடுபிடியாகப் போகிறேன். "படிச்ச புள்ள அடுப்பாண்ட வராதே" என்பார் எப்போதும். கணக்கு எழுத வர்றேன் என்று சொல்லி சம்மதம் வாங்கியிருக்கிறேன்.

கடைசியா ஒண்ணு கேட்கிறேன். நீங்க கடைசியாகப் போன கல்யாணத்தில் சமைத்தவர் பேர் தெரியுமா? அடுத்த தடவை சாப்பாடு நல்லா இருந்தால் பின்பக்கம் போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க.

பி.கு: செமினாருக்கு 20-க்கு 13 மார்க். "தலைப்பு நம் ஊருக்குத் தொடர்பில்லாதது" என்று எழுதியிருந்தார்கள்.