அண்ணாச்சி வாளும் இருபது பக்கப் பகடையும்

ரொம்ப நாளா எழுதணும்னு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த மேட்டர் இது. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'னு சொன்னதும் நாலு பேர் எந்திரிச்சு ஓடிடுவீங்கன்னு தெரியும். கொஞ்சம் உக்காருங்க மக்களே, பகடை, சண்டை, மனஸ்தாபம் எல்லாம் இருக்கு.

தெரியாதவங்களுக்காக: மேசையைச் சுத்தி அஞ்சாறு பேர் உக்காந்து ஆடுற கதை விளையாட்டு. ஆளுக்கு ஒரு பாத்திரம். வாள்வீரன், மந்திரவாதி, திருடன் இப்படி. ஒருத்தர் மட்டும் டஞ்சன் மாஸ்டர், சுருக்கமா டிஎம். கதை சொல்றது, எதிரிகளை ஓட்டுறது, பஞ்சாயத்து பண்றது மூணும் அவர் தலையில. அடி பட்டுச்சா இல்லையான்னு இருபது பக்கப் பகடையை உருட்டிப் பாக்கணும். அவ்ளோதான்.

நான் மினியாபொலிஸ்ல சனிக்கிழமை ராத்திரி நடக்குற ஒரு ஆட்டத்துக்கு டிஎம். பழைய டிஎம் வேலை மாறி டெக்ஸஸ் போனப்போ நாற்காலியை என்கிட்ட கொடுத்துட்டு, கூடவே ரெண்டு பக்கத்துக்கு ஒரு பிரிண்ட் அவுட்டும் கொடுத்தார். எல்லாம் ஹவுஸ் ரூல்ஸ். புத்தகத்துல இல்லாத, எங்க மேசைக்கு மட்டும் ஆன சட்டங்கள்.

இதுல தப்பே இல்லை. நம்மூர்ல தாயம் ஆடும்போது தெருவுக்குத் தெரு சட்டம் மாறும்ல? ஒரு வீட்ல வெட்டினாத்தான் பழத்துக்குப் போகலாம், அடுத்த வீட்ல அப்படி ஒண்ணும் கிடையாது. இந்த ஆட்டமே அப்படி முளைச்சதுதான். டேவ் ஆர்னெசன் இதே ட்வின் சிட்டீஸ்ல 1970களோட தொடக்கத்துல 'பிளாக்மூர்'னு ஒரு ஆட்டம் நடத்தினார். போர் விளையாட்டுச் சட்டங்களை இஷ்டத்துக்கு வளைச்சு வளைச்சு உருவானது அது. பக்கத்து மாநிலம் விஸ்கான்சின்ல ஜெனீவா ஏரி ஊர்க்காரர் கேரி கைகாக்ஸ் அவரோட சேர்ந்து, 1974ல மூணு சின்னப் புத்தகமா அதை வெளியிட்டார். அதுலயும் ஆயிரம் ஓட்டை. வாங்கினவன் ஒவ்வொருத்தனும் தானே அடைச்சுக்க வேண்டியிருந்தது.

ஆனா சட்டம் போடுறது சுலபம். அது யார் தலையில இறங்குதுன்னு பாக்குறதுதான் கஷ்டம்.

எங்க பிரிண்ட் அவுட்ல மொத சட்டம் கிரிட்டிக்கல். பகடையில 20 விழுந்தா சேதப் பகடைகளை ரெண்டு மடங்கா உருட்டணும்னு 2014 புத்தகம் சொல்லுது. எங்க மேசையில, முழு அதிகபட்ச சேதம் ப்ளஸ் இன்னொரு தடவை உருட்டல். கேக்க ஜாலியா இருக்கும். ஆனா கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு ஓர்க், கையில பெரிய கோடாரி, 12 பக்கப் பகடை ப்ளஸ் 3 சேதம். எதிர்ல 8 உயிர்ப்புள்ளி வச்சிருக்கற முதல் லெவல் மந்திரவாதி. எங்க சட்டப்படி 20 விழுந்தா குறைஞ்சபட்சமே 12 ப்ளஸ் 1 ப்ளஸ் 3, ஆக 16. எட்டுப் புள்ளியும் காலியாகி அதுக்கு மேல இன்னொரு எட்டு போச்சுன்னா ஸ்பாட்லயே சாவு, இது புத்தகச் சட்டம். ஆக ஒவ்வொரு 20க்கும் ஒரு பொணம், நிச்சயம். புத்தகப்படி ஆடியிருந்தா சாகுற வாய்ப்பு 54 சதவீதம்தான். ஓர்க் ஒரு சண்டையோட போயிடும், அடுத்த வாரம் வேற ஓர்க். நம்ம ஆளுங்கதான் வாராவாரம் அந்தப் பகடைக்கு முன்னாடி நிக்கணும். கைகாக்ஸே 1979 டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடுல கிரிட்டிக்கல் அடியே வேண்டாம்னு கடுப்பா எழுதியிருப்பார். பெருசு சும்மா சொல்லலை.

இதை எடுத்தப்போ யாரும் முணுமுணுக்கலை. பிரச்சனை ரெண்டாவது சட்டத்துலதான் வந்துச்சு. 1 விழுந்தா ஃபம்பிள். வாள் கை நழுவும், கால் தடுக்கும், பக்கத்துல நிக்கறவனைக் குத்திடுவீங்க. மேசையே விழுந்து விழுந்து சிரிக்கும்.

சிரிக்காத ஆள் ஒருத்தர் இருந்தார். எங்க வாள்வீரன், ராச்செஸ்டர்ல வேலை பாக்குற அண்ணாச்சி. பனியில ஒண்ணரை மணி நேரம் வண்டி ஓட்டிக்கிட்டு வருவார். வாரத்துல அவர் தமிழ் பேசுற ஒரே ராத்திரி அதுதான்னு ஒரு தடவை போற போக்குல சொன்னார். அவர் ஆள் 11ஆம் லெவல், ஒரு முறைக்கு மூணு வெட்டு. முதல் லெவல் வீரனுக்கு ஒரு வெட்டுதான், 1 விழ வாய்ப்பு 5 சதவீதம். மூணு வெட்டுன்னா 14. இருபதாவது லெவல்ல நாலு வெட்டு, 18 சதவீதத்துக்கும் மேல. அதாவது உலகத்துலயே பெரிய வாள்வீரன்தான் அடிக்கடி தன் காலையே வெட்டிக்குவான். நேத்து சேர்ந்த பொடியன் கம்பீரமா நிப்பான்! எங்க மந்திரவாதியோ தீப்பந்தை வீசிட்டுப் போயிடுவார். அதுக்கு இருபது பக்கப் பகடையே வேண்டாம், எதிரிதான் தப்பிக்க உருட்டணும். அஞ்சு சுற்றுச் சண்டைன்னா அண்ணாச்சிக்குப் பதினஞ்சு வெட்டு, ஒரு தடவையாவது 1 விழ 54 சதவீதம். ரெண்டு சண்டைக்கு ஒண்ணுன்னு கோமாளி வேஷம்.

ஒருநாள் கார் வரைக்கும் கூட நடந்தேன். "தம்பி, அடுத்த வாரம் வரலடே. வேலை கிடக்கு"ன்னார். வேலை இல்லைன்னு ரெண்டு பேருக்குமே தெரியும்.

மறுநாளே குழுவுக்கு எழுதிட்டேன், ஃபம்பிள் கிடையாதுன்னு. அமெரிக்க நண்பர்கள் ரெண்டு பேருக்கும் வருத்தம், ஓட்டு போடலாம்னாங்க. போட்டா நாலுக்கு ஒண்ணுன்னு அண்ணாச்சிதான் தோப்பார். நாலு பேருக்குச் சிரிப்பு, ஒருத்தருக்கு மட்டும் தண்டம்னா அதுக்கு ஓட்டெடுப்பு எதுக்கு? டிஎம் நாற்காலி எதுக்கு இருக்கு?

அதோட முடிஞ்சிருந்தா நல்லாருந்திருக்கும். அடுத்தது ஓய்வு. 2014 புத்தகம் ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு நடுத்தர, கடினச் சண்டைகளைக் கணக்குல வச்சு ஆட்டத்தைக் கட்டியிருக்கு. யாருங்க எட்டு சண்டை ஆடுறது? எங்களுக்கு ராத்திரிக்கு ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு. ஒரே சண்டைன்னா மந்திரவாதி கையில இருக்கறது எல்லாத்தையும் கொட்டிட்டு, தூங்கி எந்திரிச்சு மறுபடி ஃபுல் டேங்க். வாள்வீரனுக்குக் கொட்ட ஒண்ணுமில்லை, அவன் பலமே நாள் பூரா தாக்குப்பிடிக்கறதுதான். டிஎம் கைடுலயே ஒரு மாற்றுச் சட்டம் இருக்கு: குட்டி ஓய்வு எட்டு மணி நேரம், முழு ஓய்வு ஏழு நாள். இதைப் போட்டா வாரம் பூரா நடக்குற சண்டைங்க ஒரே 'நாள்' கணக்குல வந்துடும். போட்டேன்.

மந்திரவாதி பொங்கிட்டார். மதுரைக்காரத் தம்பி, எம்எஸ் படிக்கறார், வாயும் மதுரை. "அண்ணே, அண்ணாச்சிக்காக என் ஆளை மொட்டையடிக்கறீங்க. புத்தகத்தைப் படிச்சு ரெண்டு வருஷம் வளத்தது இது." நியாயமான கோபம்தான். அவர் திருட்டுத்தனம் எதுவும் பண்ணலை, புத்தகத்துல இருக்கறதைத்தான் ஆடினார். வேணும்னா வேற பாத்திரத்தை அதே லெவல்ல எடுத்துக்கோங்க, இருக்கற மாயப் பொருளெல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும்னு சொன்னேன். பதில் சொல்லாம ரெண்டு வாரம் வரலை.

அந்த ரெண்டு வாரமும் அண்ணாச்சி வந்தார். நல்லாவே ஆடினார். ஆனா நடுநடுவுல காலி நாற்காலியைப் பாத்துக்கிட்டே இருந்தார். "பொடியனுக்கு போன் பண்ணினியா?"ன்னு என்னைக் கேட்டார். நான் பண்ணலை. அவரே பண்ணியிருக்கார் போல.

போன சனிக்கிழமை தம்பி வந்து சேர்ந்தார், கையில புது பாத்திரத் தாளோட. வார்லாக்! குட்டி ஓய்வு எடுத்தாலே மந்திரமெல்லாம் திரும்பக் கிடைக்கிற ஜாதி. "உங்க சட்டத்தை நல்லாப் படிச்சேண்ணே. மத்தவன் ஏழு நாள் காத்துக் கிடப்பான், நான் ராத்திரி தூங்கினா போதும்"னு சிரிக்கறார் பயபுள்ள.

அண்ணாச்சி தாளை வாங்கி ஒரு வரி விடாம படிச்சார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "இதுக்கு என்ன சட்டம் போடப் போற?"ன்னார்.

பகடையைத் தம்பிகிட்ட தள்ளிவிட்டேன்.