ஒரு தாள் தடிமன்

எழுதும் தாள் ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். துப்பாக்கியின் மேல் ஸ்கோப்பைத் தாங்கும் இரண்டு பேஸ்களுக்கு இடையே 100 மில்லிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் ஒன்று தாள் தடிமன் அளவுக்குப் பக்கவாட்டில் விலகியிருந்தால், 100 மீட்டர் தள்ளியிருக்கும் இலக்கில் அது 10 சென்டிமீட்டர் விலகல். பள்ளிக்கூடத்து ஒத்த முக்கோணக் கணக்குதான். ஆனாலும் கண்ணுக்கே தெரியாத ஒன்று அங்கே போய் உள்ளங்கை அகலமாக விரிந்து நிற்பது என்னை விடாமல் பிடித்துக்கொண்டது.

மினசோட்டாவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் மான் வேட்டைக்காகப் பழைய ஸ்வீடிஷ் மௌசர் துப்பாக்கி ஒன்றை வாங்கியிருந்தார். எம்/96 வகை. முன்பு வைத்திருந்த யாரோ கட்டையைக் குறைத்து, போல்ட் கைப்பிடியை வளைத்து, மேலே துளை போட்டு ஸ்கோப் ஏற்றியிருந்தார். அதில் நியாயமும் உண்டு. இந்த ராணுவத் துப்பாக்கியின் சொந்தக் குறிகாட்டி 300 மீட்டரிலிருந்துதான் தொடங்குகிறது. காட்டில் 80 மீட்டரில் நிற்கும் மானுக்கு அதை வைத்துக் குறிபார்த்தால் குண்டு மேலே போகும். சிக்கல் வேறிடத்தில் இருந்தது. ஸ்கோப்பின் பக்கவாட்டுத் திருகைக் கடைசி வரை திருப்பியும் குண்டுகள் இடப்பக்கமே விழுந்தன.

எது கோணல்? ஸ்கோப்பா, அதைச் சுற்றிப் பிடிக்கும் வளையமா, பேஸா, துளையா, குழலேயா? ஐந்தும் ஒன்றையொன்று கைகாட்டும். பெரியவர் புது வளையம் வாங்கக் கிளம்பினார். கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். எங்கள் ஊர்க் கொத்தனார் தரையில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்ததும், அதை முனை மாற்றித் திருப்பி வைத்து மறுபடியும் பார்ப்பார். குமிழி இரண்டு முறையும் சுவரின் பக்கமே ஓடினால் தரை சரியில்லை. திருப்பியதும் குமிழி பக்கம் மாறினால் மட்டம் சரியில்லை. துல்லிய அளவீட்டு அறிவியலின் ஆதாரமான உத்திகளில் ஒன்று இது. கருவியை நம்பாமலே கருவியிலிருந்து உண்மையை வாங்கிவிடலாம்.

அதையே இங்கேயும் செய்தோம். ஸ்கோப்பைக் கழற்றி, வி வடிவப் பள்ளமுள்ள வி-பிளாக்கில் படுக்கவைத்து உருட்டினோம். உள்ளே தெரியும் குறுக்குக்கோடு வட்டமடிக்காமல் ஒரே புள்ளியில் நிற்கும்வரை அதன் திருகுகளைச் சரிசெய்தோம். ஸ்கோப் நடுவுக்கு வந்துவிட்டது. வளையங்களை முன்பின்னாகத் திருப்பி மாட்டினோம்; விலகல் மாறவில்லை. வளையங்களிலும் குற்றமில்லை. போல்ட்டை உருவிவிட்டுக் குழலின் வழியாகத் தூரத்து வேலிக்கம்பத்தைப் பார்த்தோம், பிறகு ஸ்கோப் வழியாகப் பார்த்தோம். இரண்டும் இரண்டு திசையில். பேஸ்களைக் கழற்றிப் பார்த்தோம்; அவற்றிலும் கோணல் இல்லை. மிஞ்சியது பின்பக்கத் துளைகள்.

இதற்கிடையில் என் கவனத்தை இழுத்தது, பேஸுக்குக் கீழே இருந்த பொறிப்பு. மகுடம், அதன்கீழ் கார்ல் குஸ்தாஃப்ஸ் ஸ்டாட்ஸ் கெவார்ஸ்ஃபக்டோரி என்ற ஆலையின் பெயர், 1906 என்ற ஆண்டு. எஸ்கில்ஸ்டூனா நகரத்துத் துப்பாக்கித் தொழிற்சாலை அது. அங்கே ஆய்வாளராக வேலை பார்த்த கார்ல் எட்வர்ட் ஜோஹான்சன் இல்லாவிட்டால், உலகத்தில் ஓர் உதிரிபாகம் இன்னொன்றில் பொருந்துவது இவ்வளவு சாதாரண விஷயமாகியிருக்காது.

எந்த உறுப்பை எடுத்தாலும் எந்தத் துப்பாக்கியிலும் பொருந்த வேண்டும் என்பது பழைய கனவு. 1785இல் பாரிசில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன், ஒனோரே பிளாங்க் என்ற கைவினைஞரின் பட்டறையில், குவியலிலிருந்து கைக்கு வந்த உறுப்புகளை எடுத்துத் தானே விசைப்பூட்டுகளைக் கோத்துப் பார்த்து வியந்தார். ஊருக்குக் கடிதமும் எழுதினார். 1798இல் எலி விட்னி 10,000 துப்பாக்கிகளுக்கு அமெரிக்க அரசிடம் ஒப்பந்தம் வாங்கினார்; அதே வாக்குறுதியைப் பிறகு அவரும் கொடுத்தார். பிற்காலத்தில் அவற்றைப் பிரித்துப் பார்த்தவர்கள் உறுப்புகள் இடம் மாறிப் பொருந்தவில்லை என்று கண்டார்கள். இது இதற்கு உரியது என்று உள்ளே அடையாளம் போட்டிருந்தது. அரத்தால் ராவி ராவிச் சேர்த்தவை அவை.

ஜோஹான்சன் 1894இல் ஜெர்மனியின் ஓபர்ன்டார்ஃபுக்கு, மௌசர் ஆலையைப் பார்க்க அனுப்பப்பட்ட குழுவில் இருந்தார். அங்கே ஒவ்வோர் அளவுக்கும் ஒரு தனி அளவுக்கட்டை. அத்தனையையும் நம் ஆலையில் செய்து மாளுமா என்ற கவலையோடு ரயிலில் திரும்பும்போதுதான் அவருக்கு யோசனை பிறந்தது. ஒவ்வோர் அளவுக்கும் ஒரு கட்டை வேண்டாம். கூட்டிக் கொள்ளக்கூடிய சில கட்டைகள் போதும். 102 கட்டைகளில் 1 முதல் 201 மில்லிமீட்டர் வரை, 0.01 இடைவெளியில், ஏறக்குறைய 20,000 அளவுகள்! 36.27 வேண்டுமா? 1.27, 10, 25. அவ்வளவுதான். ஆலையில் உருவம் கொடுத்த கட்டைகளை வீட்டுக்குக் கொண்டுபோய், மனைவியின் சிங்கர் தையல் மெஷினைத் தேய்ப்பு எந்திரமாக மாற்றி, அதில் மெருகேற்றினார். நான் படித்த எத்தனையோ கண்டுபிடிப்பாளர்களில் என் மனதுக்கு மிக நெருக்கமானவர் இவர்தான். 1901இல் காப்புரிமை கிடைத்தது.

அந்தக் கட்டைகளை நான் முதலில் பார்த்தது கோவை பீளமேட்டில், அப்பா வேலை பார்த்த பட்டறையின் டூல் ரூமில். ஸ்லிப் கேஜ் என்பார்கள். அந்தக் கட்டடத்திலேயே ஏசி இருந்த ஒரே அறை அது. மனிதருக்காகப் போட்ட ஏசி அல்ல. எஃகின் அளவு 20 டிகிரியில் சொல்லப்படுவது. 30 டிகிரி வெயிலில் 100 மில்லிமீட்டர் கட்டை மைக்ரான் கணக்கில் பத்துக்கு மேல் வளர்ந்துவிடும். மரப்பெட்டியைத் திறந்து வைத்திருந்த மேஸ்திரி, நான் கைநீட்டியதும், "வெறுங்கைல தொடாதீங்க கண்ணு, வேர்வை பட்டாத் துரு ஏறீரும்" என்றார். ஷாமாய்த் தோலால் இரண்டு கட்டைகளைத் துடைத்து, ஒன்றின்மேல் ஒன்றைக் குறுக்காக வைத்து வழுக்கித் திருப்பினார். ஒட்டிக்கொண்டன. மேல்கட்டையைப் பிடித்துத் தூக்கினால் கீழ்க்கட்டை தொங்குகிறது. பசையில்லை, காந்தமில்லை. காற்றழுத்தமாக இருக்குமோ என்று பல நாள் நினைத்திருந்தேன். வெற்றிடத்திலும் ஒட்டுகின்றன என்று பிறகு படித்தேன். இரண்டு முகங்களும் அவ்வளவு தட்டையானவை. நடுவே உள்ள மிக மெல்லிய எண்ணெய்ப் படலமும், உலோகம் உலோகத்தை ஈர்ப்பதும் சேர்ந்து பிடிக்கின்றன. மேஸ்திரி அதை எனக்குக் காட்டியபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை, பேரப்பிள்ளை பாடுவதைக் கேட்கும் தாத்தாக்களிடம்கூட நான் அதிகம் கண்டதில்லை.

பெரியவரின் துப்பாக்கிக்கு இரண்டு வழி இருந்தது. வளையத்துக்குள் மையம் விலகிய பிளாஸ்டிக் உறைகளைப் போட்டு, ஒரு கோணலை எதிர்க்கோணலால் சமன்செய்யலாம். வேலை செய்யும், பலர் அதோடு நிறைவடைவார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. குற்றம் இருக்கும் இடத்திலேயே அதைத் திருத்த வேண்டும் என்பது டூல் ரூமில் வளர்ந்தவனின் பிடிவாதம். அவரும் ஒத்துக்கொண்டு பக்கத்து ஊர்த் துப்பாக்கிப் பட்டறைக்குக் கொண்டுபோனார். 6-48 அளவுத் திருகுத் துளைகளை 8-40 அளவுக்குப் பெரிதாக்கும்போதே மையத்தைச் சற்று நகர்த்திக்கொள்ளலாம். பட்டறைக்காரர் துப்பாக்கியின் வெளிமேற்பரப்பை ஆதாரமாக எடுக்கவே இல்லை. யாரோ பளபளப்புக்காகத் தேய்த்த பரப்பு அது. குழலுக்குள் இறுக்கமாகப் போகும் கம்பியைச் செருகி, அதை எந்திர மேசைக்கு நேராக நிறுத்திய பிறகுதான் கட்டரை இறக்கினார்.

நவம்பர் வேட்டைக்கு முன் சுட்டுப் பார்த்தபோது, பக்கவாட்டுத் திருகு தன் ஓட்டத்தின் நடுவிலிருந்து சில கிளிக் மட்டுமே தள்ளி நின்றது.