மாடியறையில் ஒரு கதை இலாகா

திரைக்கதை எழுதுவோரின் தொழிற்கூடத்தை நேரில் காணும் சந்தர்ப்பம் சாலிக்கிராமத்து வாடகை வீடொன்றின் மாடியறையில் எனக்குக் கிட்டியது. பாய் விரித்த தரையில் கதாசிரியரும் உதவி இயக்குநர்களும் சூழ அமர்ந்திருக்க, சுவரில் காட்சிக்கு ஒன்றாக ஒட்டிய அட்டைகள், இடைவேளைக்கு முன் ஒரு வரிசை, பின் ஒரு வரிசை என்று இறங்கியிருந்தன. கதாநாயக நடிகரின் கால்ஷீட் நெருங்கிவிட்டபடியால், திருத்திய பிரதி மறுவாரமே தயாரிப்பாளர் கைக்குப் போயாக வேண்டும்.

1948-இல் வெளிவந்த 'சந்திரலேகா'வுக்காக ஜெமினி ஸ்டூடியோவின் கதை இலாகா வருஷக்கணக்கில் உழைத்தது. கொத்தமங்கலம் சுப்பு முதலியோரை ஸ்டூடியோ அதிபர் எஸ். எஸ். வாசன் அந்த இலாகாவில் சம்பளத்துக்கு அமர்த்தியிருந்தார். அந்த அவகாசம் இன்று அபூர்வம்.

நமது திரையுலகில் கதை படிக்கப்படுவதைவிடச் சொல்லப்படுவதே அதிகம் என்பதால், அபிப்பிராயமும் கேட்பவர் முகத்திலேயே முதலில் பிறக்கிறது. முன்பு தயாரிப்பாளர் தரப்பிடம் கதாசிரியர் கதையைச் சொல்லிக்கொண்டு போகையில், மூத்த உதவியாளர் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் சிறு கோடுகள் இட்டு வந்திருந்தார். கேட்டவர் கடிகாரத்தைப் பார்த்த இடம், செல்போனைத் தொட்ட இடம், தம்மை மறந்து முன்னால் சாய்ந்த இடம், எல்லாம் அதில் இருந்தன. பிற்பாடு வாயால் சொல்லப்படும் யோசனைகளைக் காட்டிலும் இக்கோடுகள் சத்தியமானவை என்றே நான் கருதுகிறேன்.

தம்பியின் படிப்புக்காக அக்காள் வளையலை அடகு வைக்கும் காட்சியில் 'லேக்' இருக்கிறது என்பது தயாரிப்பாளர் தரப்பின் குறை. வசனங்களைக் கத்தரித்து மூன்று பக்கத்தை ஒன்றரைப் பக்கமாக்கிய பின்னும் தொய்வு நீங்கவில்லை. வெகுநேரம் மௌனமாயிருந்த இளைய உதவியாளர், "அண்ணே, முந்தின சீன்லயே அம்மா, 'வளையலை வெச்சாவது கட்டிடலாம்'னு சொல்லிடறாங்களே, அப்புறம் கடையில பார்க்க என்ன இருக்கு?" என்றார். கதாசிரியர் அந்த ஒரு வரியை அடித்துவிட்டு, வெட்டிய பக்கங்களை மீண்டும் சேர்த்து, அடகுக்கடைக்காரர் வளையலை உரைத்துப் பார்த்து நிறுக்கும் நேரம் முழுவதையும் நிதானமாகச் சொல்லிக் காட்டினார். காட்சி நீண்டது, ஆயினும் ஒருவரும் அசையவில்லை. நோவு தெரிந்த இடம் ஒன்று, அதன் மூலம் வேறொன்று என்பதை வைத்தியர்போல் அவர்கள் கண்டுகொண்டது எனக்குப் பேரானந்தமாயிருந்தது.

கெடு இல்லாவிடில் அவர்கள் இவ்வளவு தீவிரமாக உழைத்திருப்பார்களா என்பது நியாயமான கேள்விதான். எனினும், படப்பிடிப்பு ஒரு நாள் நின்றால் பதறும் முதலாளிகள், திருத்திய பிரதியைச் சில தினங்கள் ஆறப்போட்டு, கதையறியாத புதியவர் ஒருவருக்கு மறுபடி சொல்லிப் பார்க்க அவகாசம் அளிக்க மறுப்பது எனக்கு மிகுந்த விசனத்தைத் தருகிறது. இடைவேளைக் காட்சிக்கு அத்தகைய பரீட்சை அவசியம் என்று கதாசிரியர் மன்றாடிக் கேட்டிருந்தார்; அதற்கு இரண்டு நாள்கூடக் கிடைக்கவில்லை.