பழசு போதும்

லண்டனுக்கு நர்ஸ் வேலைக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு. கூட வேலை பார்க்கிற ஒருத்தி கயிற்றுக்கட்டு பழகுகிற வகுப்புக்கு என்னையும் கூப்பிட்டாள். ஜப்பானில் ஷிபாரி, கின்பாக்கு என்று சொல்வது. மனசு ஒத்த ரெண்டு பேரில் ஒருத்தர் கட்ட, ஒருத்தர் கட்டுப்படுவது. இதை இங்கே எழுதலாமா என்று ரெண்டு மாசம் யோசித்தேன். நம்ம பொம்பளைங்க உடம்பைப் பத்தி மத்தவங்களே எழுதினது போதும், அதான் எழுதுறேன்.

என்ன உடுத்தி வர என்று கேட்டதற்கு, "பழசா ஏதாவது, உடம்போட ஒட்டினாப்ல" என்றாள்.

அந்தப் பழசுதான் எனக்கு ஆகவில்லை. அம்மா நடவுக்குப் போகிற வீட்டில் பொங்கலுக்குப் பொங்கல் பழந்துணி கொடுப்பாங்க. அந்த வீட்டுப் பொண்ணு கழித்த பாவாடையோடு அவள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கே போனேன். "இது எங்க வூட்டுதுடி"ன்னு வகுப்பு பூரா கேட்கச் சொன்னா. 1927 டிசம்பரில் மகாடில் அம்பேத்கர் நம் பெண்களிடம், சேலை கட்டுற விதத்தை மாத்துங்க, ஆளை அடையாளம் காட்டுற கனத்த வெள்ளி நகையைக் கழட்டுங்க என்று பேசினார். படித்தபோது எங்கம்மா ஞாபகம்தான் வந்தது. "கஞ்சி இல்லாட்டியும் கசங்காம போ" என்பாள்.

அதனால் முதல் வகுப்புக்குப் புதுச் சுடிதாரைத் தேய்த்து, துப்பட்டாவுக்கு ஊக்கு குத்தி, கொலுசோடு போய் நின்றேன். அங்கே எல்லாரும் சாயம்போன லெகின்ஸ், பனியன். சொல்லிக்கொடுக்கிறவர் துப்பட்டா, ஊக்கு, வளையல், கொலுசு எல்லாத்தையும் கழற்றச் சொன்னார். பட்டன், ஜிப், கொக்கி மேல் கயிறு ஏறினால் தோலில் பதியும். கம்பி வைத்த பாடி விலாவில் அழுத்தும். தொளதொளத் துணி கயிற்றுக்கடியில் சுருளும், அந்த மடிப்புதான் வலிக்கும். 6 மில்லிமீட்டர் கனம், 8 மீட்டர் நீளச் சணல் கயிறு. புதுசானால் நார் உதிர்ந்து துணியெல்லாம் ஒட்டும். கனத்த துணி போட்டால் பயமில்லை என்று நினைக்கக் கூடாது. துணி சிராய்ப்பைத்தான் தடுக்கும், நரம்பைக் காக்காது. மேல்கையில் வெளிப்பக்கமாக ஓடுகிற ரேடியல் நரம்பு அழுந்தினால் மணிக்கட்டு தொங்கிப்போகும். விரல் மரத்தால் அந்த நிமிஷமே சொல்லணும். வார்டில் கட்டு வெட்டுகிற மொண்ணைமூக்குக் கத்தரி இங்கேயும் பக்கத்தில் இருந்தது. அவிழ்த்தபின் உடம்பு சில்லிடும், பையில் ஸ்வெட்டரும் காலுறையும் வேணும்.

எங்க தாத்தாவைப் புளியமரத்துல கட்டிவச்சாங்க. செருப்போட ஊர்த்தெருவுல நடந்தாராம். கட்டுமுன்னே அவரை யாரும் கேட்கலை. இங்கே எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று கேட்டுவிட்டுத்தான் கயிற்றை எடுத்தார்கள். "போதும்" என்றேன், அவிழ்த்தார்கள். அன்றைக்கு ராத்திரி பஸ்ஸில் அழுதேன்.

விழா என்றால் வேறு கதை. 1990-இல் லண்டனில் தொடங்கிய டார்ச்சர் கார்டன் போன்ற இடங்களில் உடுப்பைப் பார்த்துத்தான் உள்ளே விடுவது. தோல், ரப்பர், கார்செட், சீருடை. ரப்பர் உடுப்பு விலை நமக்கு எட்டாது. "பட்டுச்சேலை கட்டி, சலங்கை போட்டு வாயேன், பிரமாதமா இருக்கும்" என்றான் ஒருத்தன். என் சேலை வேஷமில்லை என்றேன். கறுப்பு லெகின்ஸ், கறுப்பு பனியன் போட்டு, சடையைச் சுருட்டிக் கொண்டை போட்டு, அவ்வளவு கெடுபிடி இல்லாத சின்ன விழா ஒன்றுக்குப் போனேன். விட்டார்கள். (அதையும் தேய்த்துத்தான் போட்டேன், பழக்கம் விடுமா?)

உள்ளே ஒருத்தன் போலீஸ் உடுப்பில், கையில் தடி. நாஜி உடுப்புக்குப் பல விழாக்களில் தடை இருக்கு, நியாயம்தான். காக்கி ஏறி வந்த ராத்திரி சேரியே ஓடிப்போய்க் கரும்புக்குள்ள படுத்திருந்தது. அம்மா என் வாயைப் பொத்தியிருந்தா. இவனுக்கும் தடை போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவன் ஆசை அவனுக்கு. ஆனால் அந்த அறையில் என்னால் நிற்க முடியலை, கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்துட்டேன்.

வகுப்புக்கு இன்னும் போகிறேன். சணல் நார் ஒட்டிய பனியன் ஒன்று அதுக்கென்றே வைத்திருக்கிறேன், கை மடிப்பில் லேசாகக் கிழிசல். நான் வாங்கி, நான் போட்டு, என் மேலேயே பழசானது.