ஒரே தெரு, இரண்டு தண்ணீர்

1/ ஜெர்மனியில இருக்குற ஹாம்பர்க் போயிட்டு வந்தேன். "துறைமுகம் எப்படி இருந்துச்சு டாக்டர்?"னு எல்லாரும் கேக்குறாங்க. சொல்றேன். ஆனா இது கடல் கதை இல்லைங்க, குடிதண்ணிக் கதை. பொறுமையா படிங்க.

2/ ஜெர்மனியின் மிகப்பெரிய துறைமுகம் கடலோரத்தில் இல்லை. கடலில் இருந்து சுமார் 100 கிலோமீட்டர் உள்ளே, எல்பே ஆற்றங்கரையில் இருக்கு. காப்பி, தேயிலை, மசாலா அடுக்கி வைத்த செங்கல் கிடங்குகள் 2015 முதல் யுனெஸ்கோ பட்டியலில். ஒரு பழைய கிடங்கின் தலைமேலேயே 2017-ல் கண்ணாடி இசையரங்கம் திறந்திருக்காங்க. அண்ணாந்து பார்த்தா கழுத்து வலிக்கும்!

3/ இதே ஊரில்தான் 1892 ஆகஸ்டில் காலரா வந்தது. சில வாரங்களில் இறந்தவர்கள் சுமார் 8,600 பேர். காலரா கிருமியை ராபர்ட் கோக் நம்ம கொல்கத்தாவில் பிரித்தெடுத்து அப்பவே எட்டு வருஷம் ஆகியிருந்தது. காரணம் தெரியாம யாரும் சாகலை.

4/ ஹாம்பர்க் ஆற்றுத் தண்ணியை வடிகட்டாமல் குழாயில் விட்டது. பக்கத்து ஊர் ஆல்டோனாவும் அதே ஆற்றில்தான் எடுத்தது. அதுவும் ஹாம்பர்க்கின் கழிவு கலந்த பிறகு! ஆனா மணலில் வடிகட்டிக் கொடுத்தது. எல்லைத் தெருவில் ஒரு பக்க வீடுகளில் சாவு. எதிர்ப்பக்கம் பெரும்பாலும் தப்பியது. ஒரே தெரு, ஒரே காற்று. வேறாக இருந்தது தண்ணி மட்டும்.

5/ இன்னொரு தப்பும் நடந்தது. காலரான்னு அறிவிச்சா துறைமுகம் முடங்கும், வியாபாரம் போகும். அதனால் அறிவிக்கத் தயங்கினாங்க. அதற்குள் கிளம்பிய கப்பலில் நோயும் ஏறி நியூயார்க் வரை போச்சு.

6/ இதைப் படிச்சு அவங்களைத் திட்ட எனக்கு வாய் வரலை. ஏன்னா...

நான் பயிற்சி மருத்துவரா இருந்த ஒரு மழைக்காலம். ஒரே தெருவில் இருந்து ஏழு பேர். அரிசி கழுவின தண்ணி மாதிரி பேதி. பார்த்ததுமே புரிஞ்சது. "வயிற்றுப்போக்குன்னு மட்டும் எழுதுப்பா, வேற வார்த்தை வேண்டாம்"னார் சீனியர். எழுதினேன். ஏழு பேரும் பிழைச்சாங்க.

7/ மூணாம் நாள் அதே தெருவில் இருந்து ஒரு பாட்டியைத் தூக்கிட்டு வந்தாங்க. வரும்போதே நாடி இல்லை. "காலைல கூட அந்தக் குழாய்த் தண்ணிதான் சார் குடிச்சுது"ன்னான் பேரன். அந்தக் குழாயை மூடச் சொல்லும் ஒரு வார்த்தை என் பேனாவில் இருந்தது. நான் எழுதலை.

8/ ஹாம்பர்க்கில் வடிகட்டும் நிலையம் 1893-ல் ஓடத் தொடங்கியது. கால்டஹோஃபே தீவில் இருக்கும் அந்த இடம் இப்போ அருங்காட்சியகம். அந்தத் தொட்டிகள் முன்னாடி ரொம்ப நேரம் நின்னேன்.

9/ உங்க தெருவில் நாலு வீட்டில் ஒரே நேரத்தில் பேதின்னா, தண்ணியைக் கொதிக்க வைங்க. ஓஆர்எஸ் கரைச்சுக் கொடுங்க. முக்கியமா, உடனே சுகாதார ஆய்வாளரிடம் சொல்லுங்க. மறைச்சு யாரும் பிழைச்சதில்லை.